திருநீறு பூசிய கிட்டார்

கிட்டாருக்குத் திருநீறு பூசிய குடும்பம் சிங்கப்பூரிலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அதுவும் தினமும், விளக்கு வைத்த கையோடு. அம்மா என் நெற்றியில் ஒரு கோடு இழுத்துவிட்டு, அதே விரலோடு என் அறைக் கதவோரம் போய் அங்கே சாய்ந்திருந்த கிட்டாருக்கும் ஒரு கோடு இழுப்பார். சிரிக்காதீர்கள். அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கிட்டார் மாமாவுடையது. மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், சிங்கப்பூர்ச் சட்டப்படி முப்பத்தைந்து வயது ஆகும்வரை தனியாக அரசாங்க வீடு வாங்கவும் முடியாது. அதனால் உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டு ஹாலில் மெத்தையை விரித்துப் படுத்துக்கொண்டு, அப்பா என்ன சொன்னாலும் “சரி அத்தான்” என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கிவரச் சொல்லி அம்மா அனுப்பினார். மாமா பக்கத்திலேயே இருந்த சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்குள் நுழைந்துவிட்டார். வீட்டுக்குக் கிட்டார் வந்தது, மீன் வரவில்லை.

பார்க்க அழகுதான். தேன் நிறம். விரல் கடைசிக் கட்டம்வரை எட்டுவதற்காக ஒரு பக்கத் தோளை வளைவாக வெட்டியிருக்கும். இடுப்புக்கு மேலே, பக்கப் பலகையில் கறுப்பாக ஒரு சின்னத் தகடு, அதில் மேலும் கீழும் தள்ளுகிற பொத்தான்கள். உள்ளே சதுரமான ஒரு பேட்டரி. வயரைக் குத்தினால் ஸ்பீக்கரில் முழங்கும். குத்தாவிட்டால் சாதாரணக் கிட்டார். என்னைவிட ரொம்ப மூத்தது என்று மாமா சொன்னார்.

பொத்தான் என்றால் என் கை சும்மா இருக்குமா? இரண்டு நாள் பார்த்தார் மாமா. மூன்றாவது நாள் என்னைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“அதைத் தொடாத குட்டி. உள்ள ஒரு அங்கிள் இருக்காரு. இதோட பழைய ஓனர். பாவம், தூங்கறாரு. எழுப்பிட்டா கோவம் வந்துரும்.”

நான் பாதிதான் நம்பினேன். மீதிப் பாதி அந்தச் சனிக்கிழமை நடந்தது. மாமா வயரைக் குத்தி, தன்னுடைய குட்டி ஸ்பீக்கரைப் போட்டார். கம்பியில் இன்னும் கைகூட வைக்கவில்லை. கரகரவென்று ஒரு சத்தம். பிறகு அதற்குள்ளிருந்து ஓர் ஆண் குரல், மூக்கடைத்த குரல், என்னமோ வேகமாகச் சொல்லிவிட்டு நின்றது. நான் அலறிவிட்டேன். பழைய வயர்கள் ரோட்டில் போகிற டாக்சிகளின் ரேடியோ பேச்சைப் பிடித்து இழுத்துவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சொல்ல வேண்டிய மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “பாத்தியா, எழுந்துட்டாரு!”

அவருக்கு அது ஒரு நிமிட வேடிக்கை. ஹாலில் இடமில்லை என்று கிட்டாரை என் அறைக் கதவோரம்தான் சாய்த்துவைத்தார், அந்த அங்கிளோடு இருக்க வேண்டியவள் நான்.

பள்ளிவிட்டு வந்தால் மூன்று மணிவரை வீட்டில் தனியாக இருப்பேன். ஒரு நாள் மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது தும்மினேன். கதவோரத்தில் அது “ம்ம்ம்” என்றது. மெதுவாக, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர் முனகுவதுபோல. பென்சிலைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தேன். காற்றாடி சத்தம் மட்டும்தான். ஒருவேளை பிரமையோ என்று தொண்டையைச் செருமிப் பார்த்தேன். என்ன அசட்டுத் துணிச்சலோ! மறுபடியும் “ம்ம்ம்”. நான் எப்படி வெளியே வந்தேன் என்றே தெரியாது. வெறுங்காலோடு காரிடாரில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்வீட்டு மாக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, கதவைத் திறந்து, என்ன ஆச்சு என்று மலாயில் கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது. அம்மா வரும்வரை அங்கேயே நின்றேன்.

அம்மா முதலில் நம்பவில்லை. “அறை விழும், பாத்துக்கோ. படிக்காம இருக்க ஒரு சாக்கு” என்றார். சாயங்காலம் விளக்கை ஏற்றி மணி அடித்தார். என் அறையிலிருந்து அது பதில் சொன்னது. அம்மாவின் கை அப்படியே நின்றது. மணி ஓய்ந்த பிறகும் அந்த முனகல் கொஞ்ச நேரம் ஓயவில்லை. அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் திருநீறு. போதாததற்கு, கிட்டாரின் கழுத்தில் ஒரு எலுமிச்சம்பழமும் தொங்கியது.

பூசப் பூச அந்தத் தூள் எங்கே போகும்? பொத்தான்களின் இடுக்கில்தான் போனது. அடுத்த முறை மாமா வயரைக் குத்திப் பொத்தானைத் தள்ளியபோது, எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோலப் படபடவென்று வெடித்தது. அங்கிளுக்குக் கோபம் வந்துவிட்டது என்று நான் முடிவு செய்தேன். அம்மாவும் அப்படித்தான் முடிவு செய்திருப்பார், மறுநாள் இன்னும் பட்டையாகப் பூசினார்.

எனக்குக் காய்ச்சல் வந்தது. மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து, “சும்மா சொன்னேன் குட்டி, சத்தியமா உள்ள யாரும் இல்ல. பக்கத்துல சத்தம் போட்டா கம்பி தானா ஆடும், அவ்ளோதான்” என்று கெஞ்சினார். அவர் குரலைத் தாழ்த்திப் பேசியது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. உள்ளே இருப்பவருக்குக் கேட்கும் என்றுதான் மாமா இப்படி மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அப்பாவுக்குப் பேய் மேல் நம்பிக்கை கிடையாது, பரீட்சை மேல்தான் நம்பிக்கை. அது என் ஆறாம் வகுப்பு ஆண்டு. “இந்த வருஷம் அவளுக்குப் பிஎஸ்எல்இ பரீட்சை. அந்தச் சாமான் இந்த வீட்ல இருக்கக் கூடாது” என்றார். ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிடுவதாக மாமா சொல்லிப் பார்த்தார். அம்மா, “வீட்டுக்குள்ளயே வேணாம்டா” என்றார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, “சரி அத்தான், வித்துடறேன்” என்றார்.

முதலில் வந்து பார்த்தவர் வந்த வேகத்திலேயே போய்விட்டார். அடுத்து புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஒரு தமிழர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கிட்டாரை ஹாலுக்குக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்கள். நான் சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டேன். இன்றைக்காவது போய்விடு, போய்விடு என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

மாமா என்ன செய்தார் தெரியுமா? வாய் திறந்த நிமிடத்திலிருந்து குறையாகவே சொன்னார்.

“இங்க பாருங்க சார், கம்பி கட்டியிருக்கிற இடத்துக்குப் பின்னாடி பலகை வயிறு மாதிரி உப்பியிருக்கு. இன்னும் உப்பும். கழுத்து வளைஞ்சிருக்கு, கம்பி மேல தூக்கி நிக்கும், பாப்பா விரலு புண்ணாயிடும். இந்த விரிசல் யாரோ ஒட்டினது, நம்ம ஊரு ஈரக் காத்துல எப்ப விடும்னு சொல்ல முடியாது. மூணாவது திருகு நிக்காது. பேட்டரிக்கு மூடி இல்ல, ரப்பர் பேண்டு போட்டிருக்கேன். சவுண்டுப் பொத்தான்ல திருநீறு இருக்கு.”

“என்னது?”

“திருநீறு சார்.”

இப்படியுமா ஒரு வெகுளி இருப்பார்! வந்தவர் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வேணாம்லா. இவ இப்பத்தான் ஆரம்பிக்கிறா. புதுசாவே பாத்துக்கறோம்” என்றார்.

“அதான் சார் நல்லது” என்றார் மாமா. வாரக்கணக்கில் சுருங்கிக் கிடந்த அவர் முகம் பளிச்சென்று ஆனது.

அந்தப் பெண்ணுக்கு மனசில்லை. எழுந்திருப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை குனிந்து, கிட்டாரின் வட்டத் துளைக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் அந்த இருட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் போனதும் எனக்குத் தாங்கவில்லை.

“பாக்காத! உள்ள ஆள் இருக்கு!”

எல்லாரும் திரும்பினார்கள். அதற்குமேல் என்னால் நிறுத்த முடியவில்லை. நான் தும்மியது, செருமியது, அது மணிக்குப் பதில் சொன்னது எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன். அப்பா பல்லைக் கடித்தார். வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

“யாரும் தொடாமலேயா?” என்று கேட்டார். பிறகு அம்மாவிடம், “அக்கா, அந்த மணியைக் கொஞ்சம் அடிங்க” என்றார்.

அம்மா தயங்கித் தயங்கி ஒரு தடவை அடித்தார். வந்தவர் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கிட்டாரின் முதுகில் காதை வைத்தார். “ம்ம்ம்…” நான் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அது அடங்க வெகுநேரம் ஆனது.

“ஒட்டுப் பலகை இல்ல. ஒரே மரம்” என்றார் அவர், மெதுவாக. “இத்தன வருஷம் காஞ்ச மரம், அதான் இப்படிப் பேசுது. கழுத்து, திருகு எல்லாம் ரிப்பேர் பண்ணிக்கலாம். இந்தச் சத்தத்த எங்க போய் வாங்குறது?” மாமாவிடம் திரும்பினார். “குறையெல்லாம் சொன்னீங்க. இத சொல்லலியே, பிரதர்?”

பதில் அப்பாதான் சொன்னார். “கிட்டார் உறையை எடுத்துக் குடு, சீக்கிரம்.”

எலுமிச்சம்பழத்தை அவிழ்த்தது மாமாதான். முடிச்சு இறுகிப்போயிருந்தது, ரொம்ப நேரம் அதோடு போராடினார். அந்தப் பெண் கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு லிஃப்டுக்குள் போனாள். அவளை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. என்னை நினைத்துச் சந்தோஷமாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா மணி அடித்தார். எந்த அறையிலிருந்தும் பதில் வரவில்லை. மாமா என் அறைக் கதவோரம், கிட்டார் சாய்ந்திருந்த சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பயம் போன தெம்பில் நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அதட்டினேன்.

“ஏன் மாமா அவ்ளோ குறை சொன்னீங்க? அவங்க வாங்காமப் போயிருந்தா?”

“ஆமா குட்டி” என்றார் மாமா. “போயிருந்தா…” என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

வீட்டில் இடம் கொடுத்தவரிடம் முடியாது என்று சொல்ல வாயில்லாதவர், வாங்க வருகிறவர்கள் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லவைக்கப் பார்த்திருக்கிறார். அதெல்லாம் அந்த வயதில் எனக்கு எங்கே விளங்கியது? நல்லவேளை, கடைசி நேரத்தில் நான் வாயைத் திறந்தேன், இல்லாவிட்டால் பாவம் மாமா என்ன செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு, வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.