ஸ்டெல்லா அக்கா பங்கிட்ட மாத்திரைகள்

இதை எழுத இவள் யார் என்று நினைப்பீர்கள், மன்னித்துவிடுங்கள். கம்பெனியில் ஸ்டெல்லா அக்காவோடு ஒயர் வெட்டிக் கட்டும் லைனில் என்னைவிட அதிக காலம் நின்றவர்கள் நீங்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிறு காலை விடுதியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது நம் லைன் மலர் போன் செய்தாள். "ஸ்டெல்லாக்கா பூட்ச்சுடி. ரத்தமா வாந்தி எடுத்துக்கினே இருந்துச்சாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." வயிற்றுப்புண்ணாம். நான் நம்பவில்லை. அது ஆறிவிட்டது என்று அக்காவே என்னிடம் சொல்லியிருந்தார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "இன்னா கண்ணு, வவுத்துக்கு இன்னும் ஷிப்ட் பழகலயா?" என்று சிரித்தார். டிபன் பாக்ஸில் பாதி என் பக்கம் வந்தது. எதையும் தனியாகத் தின்னத் தெரியாதவர்.

அக்காவுக்கு வயிற்றுவலி வந்தபோது வாலாஜாபாத் டாக்டரிடம் நான்தான் துணைக்குப் போனேன். குழாய் விட்டுச் சோதித்த டாக்டர், "காரமும் இல்ல, டென்ஷனும் இல்லம்மா. வயித்துல ஒரு கிருமி. அது செத்தாதான் புண் ஆறும். வலி நின்னாலும் ரெண்டு வாரமும் மாத்திரைய விடக் கூடாது" என்றார். வெளியே வந்ததும் அக்கா, "பாத்தியா, எங்க வூட்டுக்காரு வீணா மொளகாவ திட்டிக்கினு இருந்தாரு" என்றார்.

பிறகு கேட்டபோதெல்லாம், "அல்லாத்தையும் முழுங்கிட்டேன் டீச்சரம்மா" என்பார். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பெயர்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய பஸ்ஸில்தான் உண்மை வந்தது. "எனக்கும் குடுத்துச்சு. நல்லா கேட்டுச்சு" என்று மலர் அழுதாள். "எனக்குந்தான்" என்றது பின்சீட்டு. வலி நின்றதுமே அக்கா, ஒயர் வெட்டும் கட்டரால் மாத்திரை அட்டையை நறுக்கி, ஷிப்ட் பஸ்ஸில் பூச்சரத்தைக் கிள்ளிக் கொடுப்பதுபோல வயிற்றுவலி என்றவர்களுக்கெல்லாம் பங்கு வைத்திருக்கிறார். "டீச்சரம்மாகிட்ட சொல்லிடாதீங்கடி" என்றும் சொல்லியிருக்கிறார். பஸ் முழுக்கத் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர.

அக்கா மேல் கோபம் ஆறவில்லை. உங்கள் மேலும்தான். என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்ன குரல்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கூச்சத்தில் தள்ளிக்கொண்டே வந்த வேண்டுகோளைச் சொல்லிவிடுகிறேன். அந்த மாத்திரைகளை விழுங்கியவர்களே, வலிதான் நின்றிருக்கும். உங்களுக்குள்ளும் கிருமி இருந்தால் அது செத்திருக்காது. போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். டாக்டர் தருவதை, வலி போன பிறகும், கடைசி மாத்திரைவரை நீங்களே சாப்பிடுங்கள். துணைக்கு நான் வருகிறேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டால், என்னிடம் பொய் மட்டும் சொல்லாதீர்கள்.