சீராப் தண்ணீர் நின்ற இடம்

போன வாரம் மூன்று நாள் எங்கள் சமையலறையில் ஒரே மண்ணெண்ணெய் வாடை. சாம்பாரில்கூட! குற்றவாளி நான்தான்.

எண்ணெய்க் கிடங்கில் எனக்குப் பம்பு ஓட்டும் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். கப்பலில் வரும் எண்ணெய், தெங்கேரா கரையிலிருந்து இரும்புக் குழாய் வழியாகத் தொட்டிக்கு வரும். பழைய குழாய். வெளியே சாயம் பூசிப் பளபளவென்று இருக்கும். உள்ளே துரு எங்கே தின்கிறது... யார் கண்டது?

மாற்றக் கையில் இருந்ததோ ஒரே ஒரு புதுக் குழாய்த் துண்டு. வெள்ளிக்கிழமை கப்பல். எங்கள் மேஸ்திரி, மண்டோர் அந்தோணிசாமி, கரையோர வளைவில்தான் போடுவது என்று முடிவு செய்துவிட்டார். எண்ணெய் மோதித் திரும்பும் இடம், அங்கேதான் தேயுமாம்.

எனக்கு வேறு பயம். குழாய் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும் இடத்தில் ஹபிபா மாக்சிக் என்ற மலாய்க்கார அம்மாவின் கிணறு இருக்கிறது. அக்கம்பக்கத்து மலாய்க் குடும்பங்கள் எல்லாம் அதில்தான் குடிக்கின்றன. அங்கே குழாய் ஓட்டையானால்? எண்ணெய் இறங்கிய கிணற்றை எப்படிக் கழுவுவது?

மண்டோரிடம் சொல்ல நாலு தடவை போனேன். நாலு தடவையும், “தே தண்ணி குடிச்சாச்சா, மண்டோர்?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

வீட்டில் மனைவி லெட்சுமியிடம் புலம்பினேன்.

“வாயால சொல்ல வரலைன்னா கண்ணுல காட்டுங்களேன்,” என்றாள் மகராசி.

எங்கள் காஜா பேராங் பகுதி முழுக்க மெர்டேக்கா சுதந்திர நாளுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருக்க, நான் சமையலறையில் கண்ணாடிக் குழாய் கட்டிக்கொண்டிருந்தேன். தொட்டியில் மட்டம் பார்க்கும் பழைய குழாய்களைச் சைக்கிள் டியூபால் இணைத்தேன். மேடு பள்ளமெல்லாம் நூலால் அளந்தபடி, நூறு அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில்.

ஞாயிறு பூசை முடிந்து வந்த மண்டோரை லெட்சுமியே கூப்பிட்டுவிட்டாள்.

“என்னா லா இது, சீராப் கடை போட்டிருக்கியா?”

“நம்ம பைப்பு, மண்டோர். இந்தச் சிவப்பு, எண்ணெயோட வர்ற தண்ணி.”

உண்மையில் லெட்சுமி கலந்த ரோஜாச் சீராப், அதாவது சர்பத்துதான். அதை முதலில் குழாய்க்குள் விட்டு, பின்னால் மண்ணெண்ணெயை மெதுவாக ஊற்றினேன். சிவப்புத் தண்ணீர் பள்ளம்வரை வந்தது. மேடு ஏறப் பார்த்தது... முடியவில்லை. அங்கேயே அடியில் தங்கிவிட்டது. இரும்பில் இப்படித் தண்ணீர் தங்கினால் துருதான். எண்ணெய் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது.

லெட்சுமி வேகமாக ஊற்றினாள். தண்ணீரும் அடித்துக்கொண்டு மேடேறிப் போய்விட்டது!

“நாம பம்பை எப்படி ஓட்டுறோம்?” என்று கேட்டார் மண்டோர்.

“மெதுவாத்தான். பழைய பைப்பாச்சே, பாவமேன்னு...”

“பாவம் பார்த்தது யாரு?”

“நான்தான், மண்டோர்.”

“நல்லா பார்த்தே லா!” கண்ணாடியை விரலால் தட்டினார். “கண்ணாடியும் இரும்பும் ஒண்ணாயிடுமா?”

“ஆகாதுதான். நான் சொல்றது தப்பாக்கூட இருக்கும். அப்ப வளைவு உடையும். ஆனா அங்க கிணறு இல்லை, மண்டோர். இங்க இருக்கு.”

பதினெட்டு வருடத்தில் நான் அவரிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

புதன்கிழமை பள்ளத்தில் குழாயை அறுத்தோம். மேல்பாதி கெட்டி. அடிப்பக்கத்தை மண்டோர் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது.

நோகக்கூடாதே என்று மெல்ல நடத்தியதுதான் அதைத் தின்றிருக்கிறது! பரிவு காட்டுவதற்கும் கொஞ்சம் விஷயம் தெரிய வேண்டும் போல.

வெள்ளிக்கிழமை பம்பை முழு வேகத்தில் விட்டுவிட்டு, புதுத் துண்டைப் பார்க்க ஓடினேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. மூச்சு வாங்க நின்றவனிடம் ஹபிபா மாக்சிக் ஒரு குவளைத் தண்ணீரை நீட்டினார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. வாசல் பக்கம் தோண்டிப் போட்ட மண்ணுக்கு மட்டும் மலாயில் நன்றாகத் திட்டினார். நான் குவளையைக் காலி செய்தேன்.

“இன்னும் குடி. கிணற்றில் நிறைய இருக்கிறது,” என்றார்.

இருக்கிறது மாக்சிக்... இருக்கிறது!