பல்லிடுக்கில் விசில்

ஒருவன் இனித் தப்ப மாட்டான் என்பதை, அவன் விழுவதற்கு முன்பே இன்னொருவன் தீர்மானிக்கலாமா? கணவர் அமிர்தநாதரை நினைக்கும்போதெல்லாம் பேர்ணடெற்றுக்கு இந்தக் கேள்விதான் வரும்.

மன்னாரில் உதைபந்தாட்ட நடுவராக இருந்தவர் அவர். கனடாவுக்கு வந்து ரெக்ஸ்டேலில் பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனபோது, கூட வேலை செய்த தமிழ்ப் பையன் லெஸ்லி அவரைக் கனடியப் புட்போலுக்கு நடுவராக இழுத்துப்போனான். ரக்பி மாதிரி ஆட்டம். ஹெல்மெட் போட்ட பள்ளிக்கூடப் பையன்கள் பந்தை இடுக்கிக்கொண்டு ஓட, மற்றவர்கள் பிடித்து விழுத்துவார்கள். பிடிபட்டவன் இனி முன்னேற மாட்டான் என்று கண்டதும் நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்த வேண்டும். முந்தி ஊதினால், பிடியை உதறக்கூடியவனின் ஓட்டம் வீண். பிந்தினால், அசையமுடியாமல் நிற்பவன்மேல் இன்னொருவன் வந்து மோதுவான்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு அவர் பிந்தினார். இரண்டுபேர் பிடித்திருந்த பையனின் கால்கள் இன்னும் உந்திக்கொண்டிருந்தன, பொறுத்துப் பார்த்தார். மூன்றாமவன் முதுகில் வந்து இடித்தான். விழுந்த பையன், கால் இருப்பதே தெரியவில்லை என்று அழுதான். குளிர்காலம் முடியும்போது அவன் எழுந்து நடந்துவிட்டான். அமிர்தநாதரின் பயம் போகவில்லை.

அதுவரை விசிலைக் கையில்தான் வைத்திருப்பார், கண் பார்த்து முடிக்கட்டும் என்று. இப்போது அது பல்லிடுக்கிலேயே இருந்தது. உடுப்புத் தோய்க்க எடுத்தபோது பேர்ணடெற் சட்டைப்பையில் கிடந்த விசிலில் பல் பதிந்த தடங்களைக் கண்டாள்.

"அக்கா, வீட்டில சாப்பாடு குடுக்கிறேல்லையோ? மனுசன் விசிலைத் தின்னுது" என்றான் லெஸ்லி.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "இவ்வளவு பயமெண்டால் விட்டிடுங்கோவன்" என்றாள் கணவரிடம்.

"நான் விட்டா, வேற ஒருத்தன் பிந்துவான்."

அடுத்த ஆண்டு இறுதியாட்டத்துக்கு அவளும் போய்க் கோட்டோரம் நின்றாள். பந்தைப் பார்க்கவில்லை. அவர் வாயையே பார்த்தாள். கடைசி ஓட்டம். தோற்றுக்கொண்டிருந்த அணியின் பையனை எல்லைக்கோட்டுக்குக் கிட்ட ஒருவன் பிடித்தான். பின்னால் இன்னொருவன் குனிந்தபடி பாய்ந்து வந்தான். விசில் கேட்டது. அதே கணம் பையன் பிடியை உதறிக் கோட்டைத் தாண்டினான்.

விசில் முந்திவிட்டதால் அந்தப் புள்ளி செல்லாது. குருடன் என்று சனம் கத்தியது. இன்னொரு நடுவராக நின்ற லெஸ்லி அவரிடம் ஓடிவந்தான்.

"அண்ணை, தவறி ஊதிப்போட்டன் எண்டு சொல்லுங்கோ. திரும்ப ஆட விடுவினம். இல்லாட்டி இனி உங்களைக் கூப்பிடமாட்டினம்."

தலைமை நடுவரும் வந்து கேட்டார், தவறுதலா என்று. அமிர்தநாதர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். தூரத்தில் அந்தப் பையன் பந்தோடு இரண்டு காலிலும் நின்று அழுதுகொண்டிருந்தான். அவனைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"இல்லை. தெரிந்துதான் ஊதினேன்" என்றார் ஆங்கிலத்தில்.

வீட்டுக்குப் போகும்போது காரில் பேர்ணடெற் கேட்டாள், "மெய்யாத் தெரிஞ்சுதானோ ஊதினீங்கள்?"

அவர் ஹீற்றரின் சூட்டைக் கூட்டிவிட்டார். பிறகும் எத்தனையோ தரம் கேட்டாள். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவர் சொல்லவேயில்லை.