லொக்ல ஒண்ணுமில்ல, சேர்

கராம்பு காயும் வாசனை வந்தாலே எனக்கு அந்த சர்வர் அறைதான் ஞாபகம் வருகிறது…

மாத்தளை டவுனில், வாசனைச் சரக்குக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த தனியார் லெப் அது. இரத்தம், சிறுநீர் எல்லாம் பரிசோதிப்பார்கள். ஏசி அடிக்கடி மக்கர் பண்ணும், ஜன்னலைத் திறந்துவிடுவோம். கீழே பாயில் பரப்பிய கராம்பு முழுக்க மேலே ஏறி வந்த மாதிரி இருக்கும்.

எனக்கு முதல் வேலை. எல்கடுவையிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கி, 'ஐடி ஒஃபிசர்' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கும்போது ஒரு பெருமை இருக்கும் பாருங்கள்… தலைக்கனம் என்றே சொல்லலாம்.

ரிஸானா அங்கே மூத்த டெக்னீஷியன். அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவேன். உக்குவளைக்காரர். நான் சாப்பாடு கொண்டுவராத நாளை எப்படித்தான் கண்டுபிடிப்பாரோ! "வா தங்கச்சி, ரெண்டு பேருக்கும் காணும்" என்று பார்சலைப் பிரிப்பார்.

ரிப்போர்ட்டைச் சரிபார்த்து, கம்ப்யூட்டரில் 'அனுப்பு' என்ற பட்டனை அழுத்துவது அவர் பொறுப்பு. அதற்குமேல் சர்வரின் பாடு. அதில் எந்நேரமும் பின்னணியில் ஓடும் ஒரு புரோகிராம், டீமன் என்போம், ரிப்போர்ட்டை எடுத்து அந்தந்த ஊர்க் கிளையின் ஃபோல்டரில் எழுதி வைக்கும். கிளையில் பிரிண்ட் எடுத்து டாக்டரிடம் கொடுப்பார்கள்.

அந்த டீமனுக்குக் காவல் போட்டது நான். எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாடு. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு லேபல் இருக்கும். எந்த லேபலைப் படிக்கலாம், எதில் எழுதலாம் என்று பொலிசி என்ற விதிப் பட்டியலில் வரி வரியாகச் சொல்லவேண்டும். சொல்லாததைத் தொட்டால் தடுத்துவிடும், தடுத்ததை லொக் என்ற பதிவேட்டிலும் எழுதி வைக்கும். தொல்லை என்று பலர் அதை அணைத்தே போட்டுவிடுவார்கள். நான் அணைக்கவில்லை என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேன்.

ஆனால் அந்த டீமனுக்குத் தேவையில்லாத இடத்தையெல்லாம் தொட்டுப் பார்க்கும் பழக்கம். லொக் நிரம்பி வழிந்தது. எரிச்சலில் 'டோன்ட் ஆடிட்' விதி ஒன்று எழுதினேன். தடு, ஆனால் பதியாதே என்று அர்த்தம். குறிப்பிட்ட ஓரிரண்டு லேபலுக்கு மட்டும் எழுதியிருக்கவேண்டும். சோம்பலில் எல்லாவற்றுக்குமாக எழுதிவிட்டேன். லொக் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிறகு கலேவெலயில் புதுக் கிளை திறந்தார்கள். அதற்கான ஃபோல்டரை சர்வரில் எனக்கென்று இருந்த இடத்தில் செய்து, உரிய இடத்துக்கு நகர்த்தினேன். நகர்த்தினால் பழைய லேபலும் கூடவே வந்துவிடும், அந்த லேபலில் எழுத டீமனுக்கு அனுமதி இல்லை. அதைச் சரிசெய்ய ஒரே ஒரு கட்டளை போதும்.

மறந்துவிட்டேன்.

கிளை திறந்த வெள்ளிக்கிழமை வந்தது ஒரேயொரு இரத்த மாதிரி. ஒரு விவசாயியுடையது. பொட்டாசியம் பயங்கரமாகக் கூடியிருந்தது, உடனே டாக்டர் பார்க்கவேண்டிய ரிப்போர்ட். அது போய்ச் சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வயலிலேயே விழுந்து, ஆஸ்பத்திரியில் மயிரிழையில் உயிர் தப்பினார். திங்கள் காலை அவர் மகன் லெப்புக்கே வந்து கத்திவிட்டுப் போனார்.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ரிஸானா, நீங்க அனுப்பவே இல்லையா?"

"அனுப்பினேன் சேர். பட்டன அமுக்கினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவர் என் பக்கம் திரும்பினார். "சர்வர்ல ஏதும் பிரச்சினையா?"

"லொக்ல ஒண்ணுமில்ல, சேர்."

நம்பித்தான் சொன்னேன். ராத்தா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றே அவரை ரிப்போர்ட் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மத்தியானம் கலேவெலயின் இரண்டாவது ரிப்போர்ட். அதை அனுப்பியது வேறொருவர். அதுவும் போகவில்லை. டோன்ட் ஆடிட்டை நீக்கிவிட்டு மறுபடி அனுப்பிப் பார்த்தேன். லொக்கில் வந்து விழுந்தது: கலேவெல ஃபோல்டர், எழுத அனுமதி மறுப்பு. மறந்த கட்டளையை அடித்தேன். ஒரு செக்கனில் ரிப்போர்ட் போய்விட்டது.

முதலாளி அறை வாசல்வரை போனேன். கதவைத் தட்டக் கையும் தூக்கினேன்… எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று வாரம் இருந்தது. மகளுக்கு டவுனில் ஒஃபிஸ் வேலை என்று அப்பா தோட்டத்து லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பி வந்துவிட்டேன்.

அந்த நாளை வரவேயில்லை. வார முடிவில் ராத்தா விலகல் கடிதம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு வேலை நிரந்தரமானது.

இப்போது கொழும்பில் பெரிய டீம், ஏகப்பட்ட சர்வர். என்னிடம் யாராவது டோன்ட் ஆடிட் என்று ஒரு வரி எழுதிக் கொண்டுவந்தால் ஆயிரம் கேள்வி கேட்பேன். மேடத்துக்கு ஏன் இதில் இவ்வளவு கோபம் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். அன்றைக்கு இருந்தது ஒரே ஒரு சர்வர். என்னைக் கேள்வி கேட்கத்தான் ஆளில்லை…

போன மாதம் உக்குவளைக்குப் போய் ராத்தாவைத் தேடிப் பிடித்தேன். பிளேன்டீ ஆறிப்போகும்வரை எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"அப்ப… நான் அனுப்பித்தான் இருக்கேன்?"

"ஆமா ராத்தா."

"மொதல்ல நிச்சயமா இருந்துச்சு. எல்லாரும் சொல்லச் சொல்ல, நான்தான் மறந்துட்டேனாக்கும்னு நானே நம்பிட்டேன், தங்கச்சி. வேற லெப்ல கூப்பிட்டாங்க, போகல்ல. என்ட கையே எனக்கு நம்பிக்க இல்ல. இப்பவும் அடுப்ப அணைச்சேனான்னு மூணு தரம் போய்ப் பார்ப்பேன்."



மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. வாசலில் வைத்து ஒன்றுதான் கேட்டார்.

"இத எழுதித் தா. எங்கட வீட்டு ஆக்கள் படிக்கணும்."

எழுதிவிட்டேன் ராத்தா. அந்த வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டை நீங்கள் அனுப்பினீர்கள். நான்தான் போகவிடவில்லை.