பேகத்துக்குத் தைத்த கால்

எனக்குத் தைக்கத் தெரியாத உடுப்பு இன்னும் உலகத்தில் உண்டாகவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. தியாகராய நகரில் என் கடைகளில் எதில் வேண்டுமானாலும் நுழைந்து கேட்டுப் பாருங்கள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் போட்டவன் நான். கையெழுத்துப் போட்டால் கோழி கிளறிய மாதிரிதான் இருக்கும். ஆனால் துணியில் என் கத்தரி போகிற போக்கைப் பார்த்துப் படித்தவர்களெல்லாம் வாயைப் பிளந்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக் கோட்டு, நீதிபதியின் அங்கி, ஜமீன் வீட்டு ஷெர்வானி என்று இந்தக் கை பார்க்காத துணி கிடையாது. இதெல்லாம் ஊருக்கே தெரியும். நான் முதன்முதலில் தைத்தது ஒரு பூனைக்குக் கால் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். முன்னறை அத்தாவின் தையல் கடை, பின்னறை வீடு. அத்தா, அம்மா, அக்கா, நான், அப்புறம் பேகம். பேகம் மஞ்சளும் வெள்ளையுமான பூனை. அவளைச் செல்லத்துக்காக மட்டும் வளர்க்கவில்லை. கடையில் அவளுக்கு உத்தியோகம் இருந்தது. துணியெல்லாம் கண்ட்ரோலில் இருந்த காலம். கூப்பன் கொடுத்து வாங்கிய துணியை ஒருவர் தைக்கக் கொடுத்து, அதை எலி கடித்துவிட்டால் அத்தாவால் வேறு துணி வாங்கி ஈடுகட்ட முடியாது. எலியிடமிருந்து எங்கள் சோற்றைக் காப்பாற்றியவள் பேகம்தான்.

ஒருநாள் மதியம் அத்தா பள்ளிவாசலுக்குத் தொழப் போயிருந்தார். அவருடைய மெஷினை நான் தொடக்கூடாது என்பது கட்டளை. எனக்கு எட்டு வயது. ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் எட்டாது, அதனால் நின்றபடியே ஒரு காலை மிதியின் மேல் ஊன்றி அழுத்தினேன். இரும்பின் குளிர்ச்சிக்காகப் பேகம் மெஷினுக்கு அடியில் படுப்பாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் குனிந்து பார்க்கவில்லை. அவளுடைய பின்னங்கால் ஒன்று சக்கரத்துக்கும் அதைச் சுற்றி ஓடும் தோல் வாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அப்போது எழுந்த சத்தத்தை எழுத என் படிப்பு போதாது.

அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். அம்மா வந்து பார்த்தபோது, ஜட்கா வண்டி ஏறிவிட்டது என்று அழுதேன். அழுகை நிஜம், ஜட்கா பொய்.

என் தாய்மாமன் லஸ் முனையில் ஜட்கா ஓட்டுபவர். விஷயம் கேள்விப்பட்டு வந்தவர் மீசையை முறுக்கினார்.

“எவன்டா அவன்? குதிர எப்டி இருந்துச்சு சொல்லு. அவனுக்கு சுளுக்கெடுத்துர்றேன்.”

“வெள்ளக் குதிர மாமு. தலைல செவப்புக் குஞ்சம்.”

கேட்டதும் சட்டென்று குஞ்சம் வந்தது பாருங்கள், அதுதான் கலைஞன் மூளை.

மாமு பேகத்தைக் கோணிக்குள் சுற்றி, தன் வண்டியிலேயே வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் பாதித் தொடையோடு காலை எடுத்துவிட்டார். கட்டுப் போட்ட கம்பவுண்டர்தான் எனக்கு ஆறுதல் சொன்னவர்.

“அழுவாத நைனா. கால் பூட்டா இன்னா, வால் கீதில்ல? அத வச்சே சமாளிச்சிக்கும். ஒண்ணு மட்டும் செய். தூக்கிக்கினே திரியாத.”

நாங்கள் வீட்டுக்குத் திரும்பி வருகையில் மெஷினில் புது வார் மாட்டியிருந்தது. அத்தா அதற்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நல்லவேளை, யாரும் எதையும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பவுண்டர் எதைச் செய்யாதே என்றாரோ அதைத்தான் குடும்பத்தோடு செய்தோம். அம்மா மடியில் வைத்துப் பால் புகட்டினாள். அக்கா வெட்டுத் துணியைப் பரப்பி மெத்தை போட்டாள். கொல்லை மணலுக்கு நான் தூக்கிக்கொண்டு போய், அவள் சாய்ந்துவிடாமல் இடுப்பைப் பிடித்துக்கொள்வேன். அவளுக்கு இடது காது அரித்தால் இல்லாத அந்தக் காலின் மிச்சம் காற்றில் வெடவெடவென்று ஆடும். உடனே நான் ஓடிப்போய்ச் சொறிந்துவிடுவேன். ஒரே மாதத்தில் பேகம் நிஜமாகவே பேகம் ஆகிவிட்டாள். உடம்பு பெருத்தது. நடப்பது மறந்தது. இந்தச் செய்தி எலிகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

அடுத்த தெரு வக்கீல் தன் கறுப்புக் கோட்டைச் சரி செய்யக் கொடுத்திருந்தார். கேட்டு வந்தவர் அதைத் தூக்கிப் பிடித்து, கைப்பக்கம் இருந்த ஓட்டை வழியாக அத்தாவைப் பார்த்தார்.

“ஏன் பாய், காத்து வரட்டும்னு ஜன்னல் வச்சுட்டேளா? இதைப் போட்டுண்டு கோர்ட்டுக்குப் போனா எதிர்க்கட்சிக்காரன் இது வழியா எட்டிப் பார்த்துச் சிரிப்பான்.”

“மன்னிச்சுக்கங்க சாமி. வேற கை வச்சு வியாழக்கெழம சாயங்காலம் குடுத்துர்றேன்.”

அவர் போன பிறகு அத்தா, மாமுவின் லாயத்திலிருந்து ஒரு கடுவன் பூனையைக் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். பேகத்தை வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கடற்கரைக் குப்பத்தில் விட்டுவிடுவதாம்.

அம்மா பொங்கிவிட்டாள். “வாயில்லா சீவன தொரத்துனா நமக்கு ஆவுமா? அல்லா கேக்க மாட்டானா?”

“தொரத்தல. அங்க மீன் கீது, பொழச்சிக்கும். இங்க ரெண்டுக்கும் பால் எங்கேர்ந்து வரும்? இன்னொரு துணி கடிபட்டுச்சுன்னா கடையே இருக்காது.”

அம்மாவுக்குப் பதில் சொன்னாலும் அவர் கண் என் மேல்தான் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்று நாள் இருந்தது. பேகம் நடக்க வேண்டும், எலி பிடிக்க வேண்டும். வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன யோசித்திருப்பானோ. தையற்காரன் பிள்ளைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். சட்டையில் ஒரு கை கிழிந்து போனால், இன்னொரு கையை அளவெடுத்து அதே மாதிரி தைத்து வைக்க வேண்டும். அக்கா பேகத்தைப் பிடித்துக்கொள்ள, இருக்கிற பின்னங்காலுக்கு டேப் வைத்தேன். தொடை, முட்டி, உயரம் என்று நான் சொல்லச் சொல்ல அக்கா சிலேட்டில் எழுதினாள். பேகம் எங்கள் இரண்டு பேரையும் பிறாண்டினாள்.

முதல் கால் காக்கித் துணி. உள்ளே பஞ்சு, நடுவில் விளக்குமாற்றுக் குச்சி. ஒரே இரவில் அதைக் குதறிப் பஞ்சை அறை முழுக்கப் பறக்கவிட்டாள். இரண்டாவது கால் அரை விரல்கடை நீளம் கூடிப்போய், பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்றாவது கறுப்பு வெல்வெட்டு. இடுப்பைச் சுற்றிக் கட்ட இரண்டு நாடா வைத்தேன். மூன்றையும் ஊசியால் கையில்தான் தைத்தேன். மெஷின் பக்கம் நான் போகவேயில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பேகத்துக்கு வெல்வெட்டுக் காலைக் கட்டி, வெட்டு மேஜையின் மேல் உட்கார்த்தினேன். நகரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். மேஜையின் மறுகோடியில் வக்கீலின் கோட்டு, புதுக் கை வைத்து, இஸ்திரி போட்டு மடித்திருந்தது. வக்கீல் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, தைக்க வந்திருந்த காக்கித் துணி மூட்டையிலிருந்து ஒரு எலி கிளம்பியது. மேஜையின் மேலேயே ஓடி, நேராகக் கோட்டின் புதுக் கைக்குள் புகுந்தது.

பேகத்தின் காது நிமிர்ந்தது. தாவினாள். வெல்வெட்டுக் கால் மேஜை விளிம்பில் மாட்டி இழுத்ததில் தடாலென்று தரையில் விழுந்தாள். நான் தூக்கப் பாய்ந்தேன்.

“தொடாத!” என்றார் அத்தா.

பேகம் எழுந்தாள். திரும்பி நாடாவைப் பல்லால் கவ்வி ஒரே இழுப்பு. மூன்று நாள் உழைப்பு ஒரு மூலையில் போய் விழுந்தது. மூன்று காலில் நின்றாள். வால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழன்றது. எம்பி, முன்னங்கால் இரண்டாலும் மேஜையில் தொங்கிய கோட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். கோட்டு எலியோடு தரைக்கு வந்தது. அவளும் அதற்குள் புகுந்துவிட்டாள். கறுப்புக் கோட்டு தரையில் தானாகப் புரண்டது, குதித்தது, கதவை நோக்கி ஓடியது.

“பாய்! என் கோட்டு நடந்துண்டு போறதே!” என்று கத்தினார் வக்கீல்.

கழுத்துப் பட்டை வழியாகப் பேகத்தின் தலை வெளியே வந்தது. வாயில் எலி.

வக்கீல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இதைவிட சாட்சி வேணுமா ஓய்? உம்ம மேல நான் போட்ட கேஸ் தள்ளுபடி!”

கோட்டைத் துலக்கி மறுபடி இஸ்திரி போட்டுக் கொடுத்தனுப்பிய பிறகு, அத்தா மூலையில் கிடந்த வெல்வெட்டுக் காலை எடுத்தார். உள்ளும் புறமும் புரட்டினார். தையல்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

“ஒண்ணுபோல போட்டுக்கீற. கையாலயா?”

“ஆமாத்தா.”

“மெஷின் கீது. கையால இன்னாத்துக்கு?”

அவர் என்னைத் தூக்கி மெஷின் ஸ்டூலில் உட்காரவைத்தார்.

“வேணாத்தா.”

“நான் மிதிக்கிறேன். நீ துணியப் புடி.”

மிதிப்பதற்கு முன்னால் குனிந்து மெஷினுக்கு அடியில் பார்த்தார். மேஜையை இரண்டு முறை தட்டி, “பேகம், நவுரு” என்றார். பேகமோ எங்கள் கண்ணெதிரில் காக்கி மூட்டையின் மேல் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருந்தும் தட்டினார். என்னையும் தட்டச் சொன்னார்.

பேகம் குப்பத்துக்குப் போகவில்லை. அதற்கப்புறம் ஒன்பது வருஷம் இருந்தாள். அவளை யாரும் தூக்குவதில்லை. உயரமான இடத்துக்கு ஏற மட்டும் செங்கல் அடுக்கிக் கொடுத்தேன். காது அரித்தால் அந்த மிச்சக் கால் ஆடும். அப்போது சொறிந்துவிடுகிற வேலையை மட்டும் கடைசிவரை நான் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கொஞ்ச நாள் வரைக்கும் வெள்ளைக் குதிரைக்காரனை ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்த மாமு, ஒருநாள் அத்தாவோடு டீ குடித்துவிட்டுப் போனவர் அதோடு விசாரிப்பதை நிறுத்திக்கொண்டார். மறந்துவிட்டார் போல என்று சந்தோஷப்பட்டேன்.

அத்தா மௌத்தான பிறகு அந்த மெஷின் எனக்கு வந்தது. அதன் இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது, பொத்தான்களுக்கு அடியில், பழைய வார் ஒன்று சுருட்டி நூல் சுற்றியிருந்தது. அதன் கொக்கியில் இரண்டு மூன்று மஞ்சள் மயிர் மாட்டியிருந்தது.

இன்றைக்கும் என் கடைகளில் எந்தக் கையாளும் மேஜையை இரண்டு தட்டுத் தட்டாமல் மெஷினை ஓட்டக்கூடாது. ஏதோ ராசி என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அதைத் திருத்தியதில்லை. எட்டு வயதில் நான் நினைத்தது மட்டும் ரொம்பச் சரியாக்கும்? அந்த ஸ்டூலில், அத்தாவின் கால் மிதிக்க, துணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்குப் புரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: பையன் கையில் வித்தை இருக்கிறது என்று அத்தா கண்டுபிடித்துவிட்டார்.