மூடிக்கடியில் சல்லடை

"மாவு சலிக்கணும், வெச்சிட்டுப் போங்க" என்று மனைவி ஜஹானாரா சொல்வதற்குள் அமீர் சல்லடையின் பித்தளை வலையைச் சட்டத்திலிருந்து உருவிவிட்டான்.

"போன மாசம் சோப்பு டப்பா, இப்ப சல்லடை. அடுத்த மாசம் என்னியே கழட்டி எதிலயாச்சும் மாட்டிடுவீங்க" என்றாள் அவள்.

"உனக்குத் தோதான திருகாணி கிடைக்கல" என்றபடி அவன் துறைமுகத்துக்கு ஓடினான்.

மணி இரண்டு. நாலு மணிக்குள் லாஞ்சின், அதாவது மோட்டார்ப் படகின், ஒயர்லெஸ் ஒழுங்காகக் கேட்காவிட்டால் வேலையை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவதாக லாஞ்சு முதலாளி ரகுபதி சொல்லியிருந்தார். போர்க்காலத்தில் ராணுவக் கிடங்கில் ஒயர்லெஸ் பெட்டி சுமந்தவன் அமீர். சுமந்தவற்றைத் திறந்து பார்த்தே தொழில் கற்றான். 1951-இல், முப்பத்திரண்டு வயதில், அவன் பெயரைச் சொல்லி வந்த முதல் வேலை இது.

எஞ்சின் ஓடினால் ரேடியோவில் வடை பொரிந்தது. எஞ்சினுக்குள் தெறிக்கும் தீப்பொறியின் இரைச்சல், ரேடியோவின் இரும்புப் பெட்டி மூடியின் இடுக்கு வழியே உள்ளே வந்தது. இடுக்கில் காலையிலிருந்து கார்க் வைத்துப் பார்த்தான், கம்பளி வைத்துப் பார்த்தான். சைக்கிள் ட்யூப் ஒரு சொட்டுத் தண்ணீரை விடவில்லை, வடையை விட்டது. மூடியும் பெட்டியும் சுற்றிலும் உலோகத்தால் தொட்டுக்கொள்ள வேண்டும். தகடு வைத்தால் அமுங்காது, திருகுகளுக்கு நடுவே சந்து விழும். அதனால்தான் சல்லடை.

ட்யூப் துண்டின்மேல் வலையைச் சுற்றி வைத்து மூடியை முடுக்கினான். லாஞ்சைப் பார்த்துக்கொள்ளும் கிருஷ்ணப்பன் எஞ்சினைக் கிளப்பினான்.

"இன்னா மாமு, இன்னும் வடை சுட்டுகினுதான் கீது" என்றான் கிருஷ்ணப்பன்.

அமீர் மூடியைக் கழற்றினான். விரலில் ஈரச் சிவப்பு ஒட்டியது.

"நைனா, இந்த விளிம்புல யாரு பெயிண்ட் அடிச்சது?"

"நாந்தான். நீ சுரண்டி வெச்சே. இரும்பு பல்ல இளிச்சிகினு இருந்துச்சு. உப்புக் காத்துல துரு புடிக்காதா? கார்க் வெக்கறதுக்கு முன்ன ஒரு கோட்டு, கம்பளிக்கு ஒண்ணு, நீ வூட்டுக்குப் போனப்ப ஒண்ணு."

"பெயிண்ட் மேல எத வெச்சாலும் இரும்ப எப்படித் தொடும், நைனா?"

அமீருக்குச் சிரிப்பு வந்தது. நிற்கவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கிருஷ்ணப்பனும் காரணம் புரியாமல் சிரித்தான். இருவரும் மண்ணெண்ணெயும் உப்புத்தாளுமாகத் தேய்த்தார்கள். தூரிகையைக் கொடிமரத்தில் எட்டாத உயரத்தில் அமீர் கட்டினான்.

நாலுக்கு ஐந்து நிமிடம். எஞ்சின் உறுமியது. பெட்டிக்குள்ளிருந்து யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் காற்றின் வேகத்தை நிதானமாகச் சொன்னார். அமீர் தளத்தில் ஒரு சுற்று ஆடினான். கிருஷ்ணப்பன் அவனைத் தூக்கிக்கொண்டு இன்னொரு சுற்று ஆடினான். சட்டை முதுகில் இரண்டு சிவப்புக் கைகள் பதிந்தன.

ரகுபதி வந்து காதை வைத்துக் கேட்டார்.

"எஞ்சின் ஓடுதா?"

"தளம் அதிருதே, கால்ல தெரியலியா உங்களுக்கு?" என்றான் அமீர்.

"இன்னும் நாலு லாஞ்சு இருக்கு" என்றார் ரகுபதி.

மறுநாள் காலை அமீர் வண்ணாரப்பேட்டையில் ஐந்து சல்லடை வாங்கினான். ஒன்றை வீட்டில் கொடுத்தான். எட்டு மணிக்கு இரண்டாவது லாஞ்சின் பெட்டி விளிம்பைச் சுரண்டினான். கிருஷ்ணப்பன் தூரிகையோடு வந்தான். பெட்டியின் வெளிப்பக்கம் மட்டும் அடித்தான். மதியம் அந்த லாஞ்சு எண்ணூர் வரை போய்த் திரும்பியது; வழியெல்லாம் ரேடியோவில் வடை பொரியவில்லை.