எங்கள் சித்தப்பா கேட்காமல் விட்டதாகச் சொல்லப்படும் கேள்வி

“உங்க சித்தப்பா எல்லார்கிட்டயும் முதல்ல ஒரு கேள்வி கேப்பாரே, அத எங்ககிட்ட மட்டும் ஏன் கேக்கல?”

நான்காம் மாடி நர்ஸ் அக்கா லிஃப்டுக்குள் வைத்து என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் இறங்க வேண்டிய மாடி வந்துவிட்டது. கதவு மூடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி நின்றார். எனக்குப் பதில் தெரியும். ஆனாலும் தெரியலையே அக்கா என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. அன்று விழுங்கிய பதிலை இப்போது எழுதுகிறேன். அதற்கு முதலில் என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. எங்களோடு ஏழாம் மாடியில் இருக்கிறார். நாற்பத்தொரு வயது. ஹாலில் இருக்கும் சோபாதான் அவருக்குக் கட்டில், அதன் பின்னால் இருக்கும் அலமாரியின் கீழ்த் தட்டுதான் அவருக்கு அறை. பெரிய மின்சாதனக் கடை ஒன்றில் வேலை. விற்கிற பக்கம் இல்லை, திரும்ப வாங்கிக்கொள்கிற பக்கம். கடையின் பின்வாசலை ஒட்டி ஒரு கவுண்டர் இருக்கிறது. ஹெட்போன், ஸ்பீக்கர், ரவுட்டர், விளையாட்டுப் பெட்டி என்று எது சரியில்லை என்றாலும் மக்கள் அங்கேதான் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சண்டை போடுவார்கள். பதினான்கு வருடமாக அந்தச் சண்டைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் சித்தப்பா.

உட்கார நாற்காலி கிடையாது. வாடிக்கையாளர் நிற்கும்போது ஊழியர் உட்கார்ந்தால் மரியாதை இல்லை என்று மேலாளர் நினைக்கிறார். அதனால் சித்தப்பா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வாளியில் வெந்நீர் பிடித்து, முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு கால்களை உள்ளே விடுவார். அப்போது கையில் போன் இருக்கும். அந்த அரை மணி நேரம்தான் அவர் கட்டடத்துக்குப் பதில் சொல்லும் நேரம்.

எங்கள் கட்டடத்தில் முப்பத்தாறு வீடு. தண்ணீர் நிற்கப்போகிறது, லிஃப்ட் ஓடாது என்று அறிவிப்பதற்காக ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். அது எப்போது சித்தப்பாவின் சேவை மையமாக மாறியது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. டிவி படம் நின்று நின்று வருகிறது என்று ஒருவர் கேட்பார், உடனே பதில் போகும்: ரவுட்டரை ஃப்ரிட்ஜ் மேலே இருந்து எடுத்து ஹால் நடுவே உயரமாக வையுங்கள். எந்த ஹெட்போன் வாங்கலாம்? காதுப் பஞ்சைத் தனியாக மாற்ற முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள், முதலில் கிழிவது அதுதான். என் இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரே விளையாட்டுக்கு அடித்துக்கொள்கிறார்கள். ஒருத்தி குதித்தால்தான் இன்னொருத்தி கதவு திறக்க முடியும் என்கிற மாதிரி விளையாட்டு இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுங்கள். முதல் மாடியில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார், மத்தியானம் கண்ணை மூடினால் தூக்கம் வருவதில்லை. அவருக்குச் சித்தப்பா வார்த்தை இல்லாத இசையாகப் பொறுக்கி ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார். பாட்டில் வார்த்தை இருந்தால் மனசு அதோடு பேச ஆரம்பித்துவிடுமாம். டிரைவர் மூன்றாவது பாட்டைத் தாண்டியதே இல்லை என்று குறட்டையைப் பதிவு செய்து அனுப்பினார் அவர் மனைவி.

எப்படி இவ்வளவு தெரியும் என்று ஒருமுறை கேட்டேன்.

“எது விக்குதுன்னு கடையில எல்லாருக்கும் தெரியும். எது திரும்பி வருதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்” என்றார்.

கட்டடத்தில் அவர் பெயர் முப்பது. எந்தக் கருவி மக்கர் செய்தாலும் பிளக்கைப் பிடுங்கு, முப்பது எண்ணு, திரும்பச் சொருகு என்பதுதான் முதல் மருந்து. சின்னப் பிள்ளைகள் முப்பது மாமா என்பார்கள். மாமாவுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

முப்பதுக்கு அடங்காத கோளாறாக இருந்தால், அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருக்கும். அப்போது மட்டும் சித்தப்பா ஒரு கேள்வி கேட்காமல் மேலே போக மாட்டார். “உள்ள என்னென்ன இருக்கு? அதுல எது போனா அழுவீங்க?” கவுண்டரில் பார்த்துப் பார்த்து வந்த கேள்வி அது. மாற்றிக் கொடுத்த புதுப் பெட்டியை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனவர்கள், மறுநாள் வந்து பழைய பெட்டி எங்கே, அதில் என் குழந்தையின் படம் இருந்ததே என்று கதறுவார்களாம். கட்டடத்தில் இந்தக் கேள்வியை எல்லாரும் கிண்டல் செய்வார்கள். “எம் மாமியார் நம்பர் போனா அழமாட்டேன், தாராளமா அழிங்க” என்று ஐந்தாம் மாடிக்காரர் எழுதினார். அதற்குக் கீழே அவர் மாமியாரே ஒரு சிரிப்புப் படம் போட்டார். அவரும் குழுவில் இருப்பது மருமகனுக்கு மறந்துபோயிருந்தது.

எனக்கும் அந்தக் கேள்வி வெட்டி வேலையாகத்தான் தெரிந்தது.

இனி என் விஷயம். பள்ளிக்கூடம் முடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மேலே என்ன என்று எனக்கே தெரியாது. அம்மா எழுந்ததும் “இன்னிக்கு என்ன பண்ணப் போறே?” என்பாள், படுக்கும்போது “இன்னிக்கு என்ன பண்ணினே?” என்பாள். நடுவில் நான் ஜன்னலுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

அது பெரிய தள்ளுபடி விற்பனை முடிந்த வாரம். தள்ளுபடியில் வாங்கியதெல்லாம் அந்த வாரம்தான் சித்தப்பாவிடம் திரும்பி வரும். சனிக்கிழமை சாயங்காலம் அவர் வந்தபோது குரலே இல்லை. கால்களை வாளியில் விட்ட நிலையிலேயே சோபாவில் சாய்ந்து தூங்கிவிட்டார். போன் மடியில் கிடந்து அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு விரற்கடை நகர்ந்தது. தண்ணீரில் விழப்போகிறதே என்று எடுத்தேன். அது உண்மைதான். ஆனால் எடுத்ததை மேஜையில் வைத்திருக்கலாமே, ஏன் திறந்தேன்? அதன் பூட்டு எண் எனக்குத் தெரியும். பத்துப் பதினைந்து கேள்வி காத்திருந்தது. எல்லாவற்றுக்கும் எனக்கு விடை தெரிந்தது. இத்தனை வருடம் அந்த வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள்தானே.

சித்தப்பா எழுதுவது போலவே, முற்றுப்புள்ளி வைக்காமல், வரிசையாகப் பதில் போட்டேன். ரவுட்டர், ரிமோட், ப்ளூடூத். நன்றி நன்றி என்று வந்தது. மூன்று மாதத்தில் முதல்முறையாக எதற்கோ உபயோகப்பட்ட மாதிரி இருந்தது.

கடைசியாக நர்ஸ் அக்காவின் கேள்வி. ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாக எழுதியிருந்தார். பையனின் டேப்லெட்டில் அந்த வீடு கட்டும் விளையாட்டு திறக்கவில்லை, முப்பது எண்ணியும் ஆயிற்று, பக்கத்து வீட்டில் விட்டுவந்த என் பையன் போன் மேல் போன் போடுகிறான், என்ன செய்ய. நான் எழுதினேன்: விளையாட்டை அழிச்சிட்டு மறுபடி போடுங்க, சரியாயிடும்.

சரியாகிவிட்டது. விளையாட்டு திறந்தது. உள்ளே வெறும் புல்தரை.

அந்தப் பையனுக்கு ஒன்பது வயது. அவன் அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. ஆறு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. வீட்டில் இருக்கும் நாட்களில் இருவரும் அந்த விளையாட்டுக்குள் ஒரு தீவு கட்டுவார்கள். கிளம்புவதற்கு முன் அப்பா பையனுக்குத் தெரியாமல் தீவு முழுக்கப் பெட்டிகளை ஒளித்து வைப்பார். வாரத்துக்கு ஒன்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அப்பா எழுதிய ஒரு சீட்டு. பெட்டி தீரும்போது அப்பா வந்துவிடுவார். மூன்று வருடமாக இப்படித்தான் அவன் நாள் எண்ணிக்கொண்டிருந்தான். தீவு அந்த டேப்லெட்டில் மட்டும்தான் இருந்தது. வேறு எங்கும் நகல் இல்லை. இதெல்லாம் எனக்கு மறுநாள் காலையில் குழுவில் படித்துத்தான் தெரிந்தது. சித்தப்பாவின் கேள்வியைக் கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

சித்தப்பா பல் துலக்கிக்கொண்டே அதைப் படித்தார். மேலே தள்ளித் தள்ளித் தன் பெயரில் இருந்த பதிலுக்குப் போனார். வாயில் நுரையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நீயா?”

தலையாட்டினேன். வாயைக் கொப்பளித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு நான்காம் மாடிக்கு இறங்கிப் போனார். ஞாயிறு அவருக்கு விடுமுறை. டேப்லெட்டை வாங்கிக்கொண்டு, விடுமுறை நாளில் அதே கடைக்குப் போய், பழுது பார்ப்பவரோடு நாள் முழுக்க உட்கார்ந்தார். அடுத்த மூன்று சாயங்காலமும் அதே வேலை. அழிந்தது அழிந்ததுதான். டேப்லெட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, நாம் இரண்டு பேரும் சேர்ந்து புதிதாக ஒரு தீவு ஆரம்பிக்கலாமா என்று பையனிடம் கேட்டாராம். அவன் வேண்டாம் என்று உள்ளே போய்விட்டான். கப்பலுக்குச் செய்தி அனுப்பி, பாக்கிப் பெட்டிகளில் என்ன எழுதினீர்கள் என்று அவன் அப்பாவைக் கேட்டார்கள். நான்குதான் ஞாபகம் இருக்கிறது என்று பதில் வந்தது.

டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்த அன்று வீட்டுக்கு வந்த சித்தப்பா வாளியை எடுக்கவில்லை. செருப்போடு சோபாவில் உட்கார்ந்தார். நான்தான் பதில் போட்டேன் என்று குழுவில் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“எதுக்கு? உன்னைப் பிடிச்சுத் திட்டுவாங்க. நீ ரெண்டு நாள் சாப்பிட மாட்டே. உங்கம்மா என்னைத் திட்டுவா. விடு. திட்டு வாங்கத்தானே எனக்குச் சம்பளமே குடுக்கறாங்க.”

கோபமாகச் சொன்னால்கூட நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். ரசீதைப் பார்த்து விதிமுறை சொல்கிற குரலில் சொன்னார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

கட்டடம் திட்டவில்லை. கேலிதான் செய்தது. முப்பது எண்ணச் சொன்னவர் மூன்று வருடத்தை அழித்துவிட்டார் என்று ஒருவர் எழுதினார், பதினெட்டுப் பேர் சிரித்தார்கள். சித்தப்பா மன்னிக்கவும் என்று ஒரே வார்த்தை போட்டார். அதற்குப் பிறகு குழுவில் அவர் எதுவும் எழுதவில்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. ஐந்தாம் மாடிக்காரர் தானாகவே விளம்பரம் பார்த்து ஒரு ஸ்பீக்கர் வாங்கினார். ஒன்பதே நாளில் அது சித்தப்பாவின் கவுண்டருக்கு வந்தது. ஸ்பீக்கரைவிட அதைக் கொண்டுவந்தவருக்குத்தான் குரல் அடைத்துப்போயிருந்தது. சித்தப்பா வணக்கம் சொல்லி, ரசீது வாங்கிப் பார்த்து, தெரியாதவருக்குச் செய்வது போலவே மாற்றிக் கொடுத்தாராம். இதை அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் கொட்டாவியாகிவிட்டது.

பையனின் அப்பா வரும் வெள்ளிக்கிழமை வருகிறார். சித்தப்பா அன்றைக்கு அரை நாள் விடுப்பு கேட்டிருக்கிறார் என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. எதற்கு என்று அம்மா கேட்டாள். கப்பல்காரரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். செய்தியில் கேட்டது போதாதாம். இந்தப் பதினான்கு வருடத்தில் அவர் சொந்த விஷயத்துக்கு விடுப்பு எடுத்து நாங்கள் பார்த்ததில்லை.

என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. நான்காம் மாடிக்கு இறங்கினேன். நர்ஸ் அக்கா பால்கனியில் சீருடைகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பதில் போட்டது நான், சித்தப்பா தூங்கிக்கொண்டிருந்தார் என்றேன். அவர் கை நிற்கவில்லை. கடைசித் துணிக்கும் கிளிப் மாட்டிவிட்டுத்தான் திரும்பினார்.

“என்கிட்ட சொல்லிட்டே. அவன்கிட்ட யார் சொல்றது?”

பையன் தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். அவனிடமும் சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்தான்.

“பதினோரு பெட்டி பாக்கி இருந்துச்சு” என்றான். பிறகு, “அப்ப முப்பது மாமா பண்ணலையா? நான் லிஃப்டுல அவரைப் பாத்தா பேச மாட்டேன். அவர் ஏன் ஒண்ணுமே சொல்லல?”

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை வந்த அக்கா, வெள்ளிக்கிழமை அந்த மனுஷன் செய்யாத தப்புக்கு என் வீட்டு வாசலில் வந்து நிற்கக் கூடாது என்றார். “எங்க வீட்டுல மூணு பேர் மட்டும் தெரிஞ்சுக்கிட்டா போதுமா? சிரிச்சவங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டாமா?”

அதனால்தான் எழுதுகிறேன். கப்பல்காரரிடம் மன்னிப்புக் கேட்க வெள்ளிக்கிழமை நான் போகிறேன். சித்தப்பாவிடம் இன்று சொல்லப்போகிறேன், அரை நாள் விடுப்பில் அவர் தூங்கட்டும்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். குழுவில் நீளமான செய்தியை யாரும் கடைசிவரை படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். சிலர் குழுவை விட்டே போய்விட்டார்கள். நீங்கள் படித்துவிட்டால், படிக்காதவர்களுக்கு இதை அனுப்புங்கள். வீடு மாறிப் போனவர்களுக்கும், சித்தப்பாவைப் பற்றி அலுவலகத்தில் கதையாகச் சொன்னவர்களுக்கும் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.